ஆள் தேவையில்லாத பெட்டி

தென்முனை நிலவுத்தளம். காற்றுப் பிரிவின் அன்றாடப் பதிவு.
எழுதுபவர்: சுயம்புகனி, காற்றோட்டப் பொறியாளர்.

நாள் 148. காலை 07:10

காற்றழுத்தம் சரி. ஈரப்பதம் சரி. கரியமில வாயு வடிகட்டிகள் மூன்றில் இரண்டு ஒழுங்காக ஓடுகின்றன. மூன்றாவது வழக்கம்போல் இருமிக்கொண்டிருக்கிறது. தண்டுக்கீரை முளைவிட்டிருக்கிறது. தளத்தில் இருப்பவர் எண்ணிக்கை: ஒன்று.

திருத்தம். இரண்டு. போன வண்டியில் கீரைப் பாத்திக்காக வந்த தென்னை நார்த்தூள் மூட்டையை இன்று பிரித்தேன். உள்ளே ஒரு பூரான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கருஞ்சிவப்பு உடம்பு, மஞ்சள் கால்கள். பூமியிலிருந்து இவ்வளவு தூரம் டிக்கெட் இல்லாமல் வந்தவர், என்னைப் பார்த்ததும் மூட்டைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

விதிப்படி, கணக்கில் இல்லாத உயிர் எதுவானாலும் சூட்டுப் பெட்டியில் போட்டு முடித்துவிட வேண்டும். கீழே, பூமியில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். இன்றைக்குப் பணியில் இருந்தவர் தேவசகாயம் அண்ணாச்சி. நாகர்கோவில்காரர். நான் ஆரல்வாய்மொழி. அந்த அறையில் என்னோடு நம் ஊர்ப் பேச்சில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். தளத்தில் என்னோடு இருந்த மற்ற இருவரும் போன வண்டியில் ஊர் திரும்பிவிட்ட பிறகு, எனக்கு மனிதக் குரல் என்றால் அது அண்ணாச்சியின் குரல்.

அவர் அனுப்பியது: "கொல்லாண்டாம் பிள்ளே. நம்ம ஊருக்காரன்லா. எனக்க வீட்டுல நாலு எண்ணம் வளக்கேன். வீட்டுக்காரி அந்த அறைக்க பக்கமே வரமாட்டா. ஒரு பெட்டி செய்யி. எப்படின்னு நான் சொல்லித் தாறேன்."

நாள் 151. காலை 09:30

காற்று சரி. இடது கை நடுவிரல் சரியில்லை.

உலர் உணவு டப்பாவில் ஆணியால் துளை போட்டு, மூடியை அழுத்தி, அதுதான் பெட்டி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் டப்பா காலி. தேடித் தேடி, கடைசியில் விண்ணுடையின் பூட்சுக்குள் கையை விட்டபோது கிடைத்தார். தீக்கங்கை விரலுக்குள் திணித்ததுபோல் இருந்தது. வலி தோள் வரை ஏறியது. இன்னும் இறங்கவில்லை. இதனால் யாரும் சாவதில்லை என்று மருத்துவக் குறிப்பு சொல்கிறது. அதை எழுதியவருக்குக் கடி பட்டிருக்காது.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளை முறுக்கு என்றார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. வந்த இடத்தில் ஒரு வேலை செய்யாமல், நேரத்துக்குச் சாப்பாடு கேட்டு, ஒளிந்துகொண்டு, தொட்டால் கோபிக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது.

நாள் 157. மாலை 16:00

இரண்டாவது பெட்டி. இது ஒழுங்கான வேலை.

பழைய கருவி மூடிகளிலிருந்து தடித்த அக்ரிலிக் பலகை அறுத்தேன். அண்ணாச்சி சொன்ன முதல் விதி: துளை பூரானின் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தலை போகிற இடத்தில் முழு உடம்பும் போய்விடும். பிளாஸ்டிக் வலை கூடாது, கடித்துவிடும். வடிகட்டியின் பழைய எஃகு வலையை வெட்டி ஒட்டினேன். காற்றுவழி இரண்டு: ஒரு பக்கச் சுவரில் அடியில், எதிர்ச் சுவரில் மேலே. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடாகி, மேலே வெளியேறும். மூடிக்கு நான்கு கிளிப்புகள். உள்ளே நார்த்தூள் ஒரு கை ஆழம், ஒளிந்துகொள்ள வளைந்த ஓடு ஒன்று, தண்ணீர்க் கிண்ணம்.

பக்கத்தில் தீனிக் கதவு. அதை இரட்டைக் கதவாகச் செய்தேன். வெளிக்கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு தகடு தடுத்து நிற்கும். சிள்வண்டை இடையில் வைத்து, வெளிக்கதவைச் சாத்தி, பிறகுதான் தகட்டைத் தூக்க வேண்டும். ஒரு விரல் கற்றுக்கொண்ட பாடம் அது. சிள்வண்டுகள் எனக்கான புரத உணவாக இங்கே வளர்க்கப்படுபவை. அவர் அவற்றை என்னைவிட ரசித்துச் சாப்பிடுகிறார்.

நாள் 166. காலை 08:20

பெட்டியில் பூஞ்சை. மூடியின் உட்புறம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. மாப்பிள்ளை ஒரு மூலையில் சுருண்டுகிடக்கிறார்.

தப்பு என்னுடையது. காற்றோட்டத்தில் பட்டம் வாங்கியவள் செய்யக் கூடாத தப்பு. சூடான காற்று மேலே போவது ஈர்ப்பு விசையால். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். என் பெட்டியில் சூடான காற்று மேலே போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தளம் முழுக்க விசிறிகளை ஓட்டுகிறவள், ஒரு பூரானின் வீட்டில் மட்டும் பூமி என்று நினைத்துவிட்டேன்.

பழைய கணினி ஒன்றின் விசிறியைக் கழற்றிப் பொருத்தினேன். வேகமாக வைத்தால் இன்னொரு ஆபத்து. பூரானின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகளை அதனால் மூட முடியாது. வறண்ட காற்று பட்டால் உடம்பின் நீரெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். ஊதினால் திரி அணையாத அளவுக்கு மெதுவாக வைத்தேன்.

ஈரம் பார்க்க மானி வேண்டும். தளத்தின் மானியை எடுத்தால் கணக்குக் காட்ட வேண்டும். என் தலைமுடி ஒன்றை இழுத்துக் கட்டி, நுனியில் முள் வைத்தேன். ஈரத்தில் முடி நீளும், வறட்சியில் சுருங்கும். இப்போதே தளத்தின் மானிக்குச் சமமாகக் காட்டுகிறது. இதற்காகத்தான் என் அம்மா பிள்ளைப் பருவத்தில் அவ்வளவு தேங்காயெண்ணெய் தேய்த்தாள்போலும்.

நாள் 185. காலை 07:00

மாப்பிள்ளை முட்டை இட்டிருக்கிறார்.

இட்டிருக்கிறாள். மன்னிக்கவும். ஓட்டுக்கு அடியில் வெளிர்மஞ்சள் முட்டைகள் ஒரு கொத்து. அதைச் சுற்றி உடம்பை வளைத்து, கால்களால் அணைத்துக்கொண்டு கிடக்கிறாள். ஆண் துணை இங்கே இல்லை. ஊரிலேயே நடந்ததா, துணையே தேவைப்படவில்லையா என்று தெரியவில்லை. பெயரை மாற்றப் போவதில்லை. பழகிவிட்டது.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், நான் அவர் பக்கத்தில் நிற்பதுபோல். பெட்டியைத் தட்டக் கூடாது, வெளிச்சம் அடிக்கக் கூடாது. மிரண்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள். அடைகாக்கும் காலம் முழுக்க எதுவும் சாப்பிட மாட்டாள், ஈரம் மட்டும் குறையக் கூடாது. விரல் பட்டால்கூடக் கடிப்பாள். இதுவரை கடித்தது விளையாட்டு.

நாள் 189. காலை 11:40

கீழே திடீரென்று பெரிய கூட்டம். பெயர் தெரியாத அறிஞர்கள் கேள்வியாக அனுப்புகிறார்கள். எத்தனை முட்டை, என்ன வெப்பநிலை, தோலுரித்தது எப்போது. வேற்று மண்ணில் முதன்முதலாக முட்டையிட்ட நிலவாழ் உயிர் என்கிறார்கள். எனக்கு மூன்று வாரமாக முதுகுவலி என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சியைத் தவிர யாரும் அதை விசாரிக்கவில்லை. பரவாயில்லை, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது மற்றவர்களை யார் விசாரிக்கிறார்கள்.

நாள் 193. மாலை 17:15

நல்ல செய்தி. இதை இரண்டு முறை எழுதலாம். நல்ல செய்தி.

என்னை அழைத்துப்போகும் வண்டி உறுதியாகிவிட்டது. புது வடிகட்டிகளும் அதில் வருகின்றன. யாராவது பிற்பாடு இந்தத் தளத்துக்கு வந்தால் ஆகும். மாப்பிள்ளையையும் கூட்டிவர அனுமதி. அண்ணாச்சிதான் மேலதிகாரிகளிடம் பேசி வாங்கியிருக்கிறார். ஒரு நிபந்தனை: வழியில் நான் இருக்கையில் கட்டுண்டு கிடப்பேன், எழுந்து தண்ணீர் தெளிக்க முடியாது. ஆகவே பெட்டி ஆள் தொடாமலே ஒரு வாரம் தாங்க வேண்டும். குலுங்கலும் உள்ளே போகக் கூடாது.

குலுங்கலைத் தடுக்கும் கூட்டோடு சேர்த்துப் பெட்டியின் வெளி அளவைக் கேட்டார். ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது என்றார். எதற்கு இவ்வளவு கறார் என்றேன். "ஒனக்க சீட்டுக்குப் பக்கத்துல வைக்கணும்லா" என்றார்.

இறங்கியதும் என்ன செய்வாய் என்று கேட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் நிற்க வேண்டும் என்றேன். காற்றாலைகளுக்கு நடுவில், சேலை பறக்க, வாயைத் திறந்தால் பேச்சை வாயிலேயே திருப்பி அடைக்கிற அந்தக் காற்றில். அதற்கு வடிகட்டி இல்லை, விசிறி இல்லை, அதை யாரும் கணக்கெழுத வேண்டாம். இங்கே நான் சுவாசிக்கும் ஒவ்வொரு மூச்சையும் நானே செய்து நானே சுவாசிக்கிறேன்.

அவர் சொன்னது: "வா மக்கா. பெட்டியத் தொறந்து நாந்தான் மொதல்ல கைய விடுவேன், சொல்லிட்டேன். வேற ஒருத்தனையும் தொட உடமாட்டேன்."

நாள் 206. மாலை 15:30

சாதித்துவிட்டேன். என்னை நானே புகழ இந்த ஒரு பதிவை ஒதுக்குகிறேன்.

கொண்டுவந்த ஒரே பருத்தி நைட்டியைக் கிழித்துத் திரி முறுக்கினேன். பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துளை வழியாகத் திரியை நார்த்தூளுக்குள் ஏற்றினேன். மறுமுனை வெளியே தண்ணீர்ப் பையில். தூள் காய்ந்தால் திரி தானே உறிஞ்சும், நனைந்தால் நிற்கும். பெட்டியைச் சுற்றி ஒரு வெளிக்கூடு, தீனிக் கதவுக்கு மட்டும் திறப்பு விட்டு, இடையில் பஞ்சும் சுருள்வில்லும். விசிறிக்குத் தனி மின்கலம், சின்னக் காற்றுக்குப்பி. எட்டு நாள் பெட்டியின் பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என் முடிமானியின் முள் ஒரு நூலளவுகூட அசையவில்லை. அவள் ஒரு முறையும் மிரளவில்லை.

அண்ணாச்சி மறுபடி மறுபடி கேட்டார்: "அப்போ ஆளே வேண்டாமா பிள்ளே? உறுதியாட்டு?" ஆளே வேண்டாம் என்றேன். எத்தனை பெருமையாகச் சொன்னேன்.

நாள் 230. காலை 10:05

வண்டி இறங்கிவிட்டது. தானாக வந்து, தானாகவே திரும்பும் வண்டி. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. முட்டைகள் பொரிந்து, வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள், தாயின் அணைப்பிலிருந்து இன்னும் இறங்கவில்லை. நாளை போய்ப் பெட்டியைப் பொருத்தும் இடம் பார்க்க வேண்டும். தலைக்குக் குளித்தேன். அடுத்த வாரத் தண்ணீரையும் சேர்த்துச் செலவழித்தேன். இனி யாருக்குச் சேர்த்து வைப்பது.

நாள் 231. காலை 09:50

வண்டிக்குள் போய் வந்தேன்.

நடுவில் ஒரு தொட்டில். நான்கு கால் பிடிகள், நான்கு கிளிப்புகள். என் பெட்டியின் அளவு, மில்லிமீட்டர் பிசகாமல். பக்கத்தில் காற்றுக்குப்பிக்கு ஒரு வளையம். தண்ணீர்ப் பைக்கு ஒரு கொக்கி. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு என் இருக்கையைத் தேடினேன்.

சின்ன வண்டி. தேட அதிக இடமில்லை. இருக்கை இல்லை. இருக்கை பூட்டும் தண்டவாளம் இல்லை. இருந்து கழற்றிய திருகுத் துளைகளும் இல்லை. சுவரில் இருக்கும் காற்றுக்குப்பி பூரானுக்கு ஒரு வாரம் வரும். எனக்கு ஒரு சாப்பாட்டு நேரம் வரும். வடிகட்டிப் பொதிகள் ஒன்றுகூட இல்லை.

நாள் 231. காலை 11:20

பேசினேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன். பிற்பாடு யாரும் நான் கற்பனை செய்தேன் என்று சொல்லக் கூடாது.

நான்: "என் சீட்டு எங்க அண்ணாச்சி?"

இங்கிருந்து கேட்டால் பதில் வர மூன்று விநாடி ஆகும். விரல் விட்டு எண்ணினேன்.

அவர்: "பெரிய வண்டி சோதனையிலயே போச்சு பிள்ளே. இது ஒண்ணுதான் கெடச்சுது. சொன்னா நீ பெட்டி செய்யமாட்டேன்னு மேல உள்ளவங்க பயந்தாவ."

அடுத்த வண்டி எப்போது என்று கேட்டேன். முயற்சி செய்கிறோம் என்றார். வடிகட்டிகள் எவ்வளவு காலம் வரும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கணக்கை நான் தினமும் காலையில் போடுகிறவள். 'முயற்சி' அந்தக் கணக்குக்குள் அடங்காது.

நான்: "பெட்டி அளவு கேட்டீங்களே. அன்னைக்கே தெரியுமா?"

அவர்: "தெரியும் மக்கா."

நான்: "ஆரல்வாய்மொழியில நிக்கணும்னு சொன்னேனே. அப்பவும் தெரியுமா?"

அவர்: "எனக்கும் பிள்ளைகள் உண்டு பிள்ளே."

இணைப்பை நானே துண்டித்தேன்.

நாள் 231. மாலை 18:40

எழுதாமல் இருக்க முடியவில்லை.

தப்பு எங்கே என்று இப்போது தெரிகிறது. நான் பெட்டியை நன்றாகச் செய்தேன். கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் போதும். தினமும் காலையில் தண்ணீர் தெளிக்க ஒரு கை வேண்டும் என்று இருந்தால், அந்தக் கையோடு சேர்த்து என்னையும் கொண்டுபோயிருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அவள்தான். அவளுக்கு வேண்டியது நான். இடையில் நான் திரியைப் போட்டு, விசிறியைப் போட்டு, பஞ்சை வைத்து, என்னைத் தேவையில்லாதவளாக்கிவிட்டேன். அதற்கு ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் கைதட்டல் என்று நினைத்தது எல்லாம் அளவெடுப்பு.

ஒரு ஆள் கோபத்தில் நம்மைத் தள்ளிவிட்டால் தாங்கலாம். இவர் சிரிக்க வைத்தார். என் முதுகுவலியைக் கேட்ட ஒரே ஆள் இவர்தான்.

நாள் 232. காலை 08:00

பொய் சொல்லிப் பார்த்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். திரி அறுந்துவிட்டது, ஆள் கூட இல்லாமல் குஞ்சுகள் பிழைக்காது, காற்றுக்குப்பிகளைத் தளத்திலிருந்து ஏற்றி என்னையும் அனுப்ப வழி பாருங்கள் என்றேன். எடை தாங்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கேட்டேன்.

அவர்: "பிள்ளே, நீ கெட்டுன திரி அறாது. எனக்குத் தெரியாதா."

என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை.

பிறகு கெஞ்சினார். குஞ்சுகளையாவது காப்பாற்று என்றார். வண்டி நாளை தானாகக் கிளம்பும், வெறுமனே போனால் யாருக்கும் பயனில்லை என்றார். 

நாள் 232. மாலை 17:00

மூன்றாவது வடிகட்டி நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன். பாத்தி அறைக்குக் கட்டிலை மாற்றிவிட்டேன், கீரை கொஞ்சம் காற்று தரும்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூடியைப் பலமாக ஒரு தட்டு தட்டினால் போதும். மிரண்டு எல்லாவற்றையும் தின்றுவிடுவாள். கீழே இருக்கும் அறிஞர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. கையை ஓங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், ஓங்கினேன். அவள் எல்லாக் கால்களையும் சேர்த்து அணைத்துக்கொண்டு கிடந்தாள். அவளிடம் எனக்கு என்ன கோபம். டிக்கெட் இல்லாமல் வந்தவளுக்குத் திரும்பிப் போக இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பேரில் ஒருத்தியாவது ஊர்க் காற்றைப் பார்க்கட்டும்.

நாள் 233. காலை 06:30

தலை பாரம். எழுத்து பிசகினால் அதுதான் காரணம்.

பெட்டியை வண்டியில் வைத்துவிட்டேன். கிளிப்புகள் சட்டென்று பூட்டிக்கொண்டன. அளவு சரி. விசிறி ஓடுகிறது. திரி நனைந்திருக்கிறது. முடிமானி சரியாகக் காட்டுகிறது. என் தலைமுடி ஒன்று ஊருக்கு வருகிறது.

ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். தீனிக் கதவின் உள் தகட்டைக் கழற்றிவிட்டேன். அவளை ஓட்டோடு சேர்த்து, மிரளாமல், மெல்லக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். வெளிக்கதவு பூட்டித்தான் இருக்கிறது, தானாகத் திறக்காது. திறக்கிற கைக்கு நேர் எதிரே அவள் இருப்பாள், பிள்ளைகளோடு.

நாள் 233. காலை 07:15

கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்தப் பதிவைப் பெட்டியின் மேல் கட்டுகிறேன். ஆகவே பெட்டியைத் திறப்பவர் முதலில் இதைப் படித்திருப்பார்.

படிப்பவர் முன்பின் தெரியாதவர் என்றால்: தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நீளமான இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். சத்தம் போடாதீர்கள். அவள் நல்லவள். குஞ்சுகள் தாயை விட்டு இறங்கியதும் நல்ல ஈரமான மண்ணில் விடுங்கள். முடிந்தால் ஆரல்வாய்மொழிப் பக்கம்.

படிப்பவர் அண்ணாச்சி என்றால்: நீங்கதான் மொதல்ல கைய விடுவேன்னு சொன்னீங்க. கடித்தால் சாக மாட்டீர்கள், வலி மட்டும் தோள் வரை வரும், மூன்று நாள் இருக்கும். அந்த நேரத்தில் நான் இங்கே என்ன சுவாசித்துக்கொண்டிருப்பேன் என்று

உங்களுக்குக் கணக்குத் தெரியும்.

கையுறை போடாதீங்க.